கருவிகள் மட்டும் போதுமா?

(இளம் அறிவியல் இரண்டாம் ஆண்டு மாணவி ஒருவரின் கட்டுரை)

இது அறிவியல் யுகம். மேடைதோறும் இதைக் கேட்கிறோம். கட்டுரைப் போட்டிதோறும் நாமே எழுதுகிறோம். ஆனால் அறிவியல் தந்த ஒரு கருவி வகுப்பறைக்குள் வந்து சேர்வதற்கும், அதனால் ஒரு குழந்தை ஒரு பாடத்தை விளங்கிக்கொள்வதற்கும் இடையே நீண்ட தூரம் இருக்கிறது. அந்தத் தூரத்தைக் கடக்க வைப்பது ஆசிரியருக்கு அளிக்கப்படும் பயிற்சியே. அப்பயிற்சி நன்கு திட்டமிடப்படாவிட்டால் கருவி கருவியாகவே நின்றுவிடும், கல்வியாக மாறாது. இம்மலரின் வழியாக நான் சொல்ல விரும்பும் கருத்து இது ஒன்றே.

இதைச் சொல்ல இவளுக்கு என்ன தகுதி என்று கேட்கலாம். நான் ஆசிரியை அல்லள். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியை முதலில் மிதித்தவள் நான். ஆயினும் பன்னிரண்டு ஆண்டுகள் அரசுப் பள்ளியில் படித்தவள். பட்டம் பெற்றபின் பி.எட். முடித்து, இதே வட்டாரத்தில் ஓர் அரசுப் பள்ளியில் ஆசிரியை ஆகவேண்டும் என்று ஆசைப்படுகிறவள். ஆகவே இது எனக்கு நேற்றைய அனுபவமும் நாளைய கவலையும் ஆகும்.

அம்மா பெற்ற பயிற்சி

முதலில் என் அம்மாவைப் பற்றிச் சொல்கிறேன். அவர் பள்ளிக்கூடம் போனதில்லை. குத்தகைக்கு எடுத்த சிறு மல்லிகைத் தோட்டத்தில் விடியுமுன் பூப்பறித்து நிலக்கோட்டைப் பூச்சந்தைக்குக் கொண்டு வருகிறவர். பூ விலை நிலையானதன்று. முகூர்த்த நாளில் ஏறும், மறுநாளே இறங்கும். அந்த விலையை இன்று அம்மா கைபேசியில் குரல்செய்தி அனுப்பிக் கேட்டறிகிறார். எழுத்துத் தெரியாதவர், கமிஷன் கடைக்காரரின் படத்தைப் பார்த்து அடையாளம் கண்டு, பொத்தானை அழுத்திப் பேசுகிறார்.

அவருக்கு இதைக் கற்பித்தவர் பக்கத்து வீட்டு அக்கா. நான்கு மாலைப் பொழுதுகள் திண்ணையில் உட்கார்ந்து கற்றுக்கொடுத்தார். முதல் நாள் அம்மா தவறாக வேறு யாருக்கோ செய்தி அனுப்பிவிட்டார். அக்கா கேலி செய்யவில்லை, மறுநாளும் வந்தார். இன்றும் ஏதேனும் சிக்கல் என்றால் அம்மா அந்த வீட்டு வாசலில் போய் நிற்கிறார்.

இந்தச் சிறு நிகழ்ச்சியில் நல்ல பயிற்சிக்கு வேண்டிய மூன்று கூறுகளும் அடங்கியுள்ளன. கற்பவருக்கு உண்மையான தேவை இருந்தது. கற்பிப்பவர் அருகிலேயே இருந்தார். தவறு செய்து மீண்டும் கேட்க நேரமும் உரிமையும் இருந்தன. நம் ஆசிரியர்களுக்கு நடக்கும் தொழில்நுட்பப் பயிற்சிகளில் இம்மூன்றும் இருக்கின்றனவா? இதுதான் என் கேள்வி.

பள்ளியில் கண்டவை

நான் படித்த பள்ளிக்கும் உயர்தொழில்நுட்ப ஆய்வகம் வந்தது. புதிய கணினிகள், புரொஜெக்டர், இணைய இணைப்பு எல்லாம் வந்தன. ஆனால் அந்த அறைக்குள் நாங்கள் சென்றது பெரும்பாலும் இணையவழித் தேர்வு எழுதத்தான். மற்ற நாட்களில் சாவி தலைமையாசிரியர் மேசையில் இருந்தது. இதற்காக நான் எங்கள் ஆசிரியர்களைக் குறை கூறவில்லை. பயிற்சிக்குச் சென்று வந்த ஓர் ஆசிரியை எங்களிடம் வெளிப்படையாகவே சொன்னார்: “பெரிய மண்டபம். நூறு பேருக்கு ஒரு திரை. கடைசி வரிசையில் இருந்த எனக்கு அவர் எதை அழுத்தினார் என்றே தெரியவில்லை. கையெழுத்துப் போட்டோம், தேநீர் குடித்தோம், சான்றிதழ் வாங்கினோம்.”

அதே ஆசிரியைதான் பத்தாம் வகுப்பில் எனக்கு மறக்க முடியாத ஒரு பாடத்தையும் நடத்தினார். இதயத்தைப் பற்றிய பாடம். மாணவிகள் இருவர் கம்பிகளை இணைத்துக் கொடுக்க, அவர் ஒரு காணொளியைத் திரையில் ஓட்டினார். பாதியில் நிறுத்தினார். “வலப்பக்கம் ஏன் நீலமாக இருக்கிறது?” என்று கேட்டார். “அங்கே இரத்தம் நீல நிறம்” என்று வகுப்பு முழுவதும் ஒரே குரலில் சொன்னது. அவர் சிரித்துவிட்டு, உடலில் நீல இரத்தம் எங்கும் இல்லை. ஆக்சிஜன் குறைந்த இரத்தம் அடர்சிவப்பாக இருக்கும். பிரித்துக் காட்டவே படத்தில் நீலம் தீட்டுகிறார்கள் என்றார். படத்தில் நம் இடக்கைப் பக்கம் தெரிவது இதயத்தின் வலப்பக்கம் ஏன் என்று கேட்டு, ஒரு மாணவியை எங்கள் எதிரே நிறுத்தி விளக்கினார்.

அன்று எங்களுக்குப் பாடம் நடத்தியது காணொளியன்று. காணொளியை எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்று அறிந்திருந்த ஆசிரியை. அந்த அறிவை அவருக்கு எந்தப் பயிற்சி மண்டபமும் தரவில்லை. நீண்ட கால அனுபவம் தந்தது. கருவியை இயக்கும் முறையை ஒரு நாளில் சொல்லிவிடலாம். எங்கே நிறுத்துவது, என்ன கேட்பது என்பதற்கு அன்றோ பயிற்சி வேண்டும்?

இதற்கு நேர்மாறான ஒன்றையும் கண்டேன். ஐந்தாம் வகுப்பில் படிக்கும் என் தம்பி, பள்ளியில் திறன்மிகு பலகையில் பின்னங்கள் பற்றிய படம் பார்த்துவிட்டு வந்தான். என்ன படித்தாய் என்றேன். “பீட்சா வந்துச்சு அக்கா, அதை வெட்டினாங்க” என்றான். அவன் பீட்சாவைக் கண்டதில்லை. ஆனால் கால் கிலோ பூவையும் அரைக் கிலோ பூவையும் கைநிறுவையாகவே சொல்லிவிடுவான். படம் முடிந்ததும் “சந்தையில் இரண்டு கால் கிலோ சேர்ந்தால் எவ்வளவு?” என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் பின்னம் அவனுக்கு அன்றே விளங்கியிருக்கும்.

ஊரடங்கு சொன்ன உண்மை

கருவி இருந்தும் கல்வி இல்லாமற் போகும் என்பதை 2020-ஆம் ஆண்டு நமக்குக் கடுமையாகவே உணர்த்தியது. நான் அப்போது ஒன்பதாம் வகுப்பு. 2019-இல் தொடங்கப்பட்ட கல்வித் தொலைக்காட்சியில் பாடங்கள் ஒளிபரப்பாயின. பாடநூல்களில் 2018 முதல் அச்சிடப்பட்ட க்யூ.ஆர். குறியீடுகள் இருந்தன. அவற்றைத் திறந்து காட்ட 2017-இல் தொடங்கப்பட்ட ‘தீக்ஷா’ தளமும் இருந்தது. கருவிகளுக்குக் குறைவில்லை.

என் பக்கத்தில் அமர்ந்து படித்த தோழியின் வீட்டில் ஒரே ஒரு கைபேசி. அது அவள் அப்பாவுடன் வேலைக்குப் போய்விடும். தொலைக்காட்சி பழுதாகிக் கிடந்தது. அவ்வாண்டு ஒன்பதாம் வகுப்பினர் அனைவரும் தேர்வின்றித் தேர்ச்சி பெற்றதாக 2021 பிப்ரவரியில் அரசு அறிவித்தது. அவளும் தேர்ச்சி பெற்றாள். 2021 செப்டம்பர் 1 அன்று பள்ளி திறந்தபோது, “டி.வி.யில் பாடம் எல்லாம் பார்த்தீர்கள் அல்லவா?” என்று வகுப்பில் கேட்டார்கள். எல்லோருடனும் சேர்ந்து அவளும் தலையாட்டினாள். பார்க்கவில்லை என்று சொல்ல வெட்கம். கணக்கில் விட்டுப்போனது பிறகு கைக்கு எட்டவே இல்லை. இன்று அவள் நூற்பாலைக்குப் போகிறாள்.

தொலைவிலிருந்து கற்பிக்கும்போது, பாடம் யாரைச் சென்றடையவில்லை என்று கண்டறிவதே முதல் வேலை. “பார்த்தீர்களா?” என்று கேட்டால் தலையாட்டல்தான் கிடைக்கும்; ஒரு சிறு கணக்கைப் போடச் சொன்னால் உண்மை தெரிந்திருக்கும். அந்த நுட்பத்தை ஆசிரியர்களுக்கு யாரும் முன்கூட்டிக் கற்றுத்தரவில்லை. அதன் விலையை என் தோழி கொடுத்தாள்.

வரலாறு காட்டும் பாடம்

இந்தக் குறை இன்று தோன்றியதன்று. 1975 ஆகஸ்ட் முதல் ஓராண்டுக் காலம் நம் நாட்டில் ‘சைட்’ எனும் செயற்கைக்கோள் தொலைக்காட்சிச் சோதனை நடந்தது. ஆறு மாநிலங்களில் ஏறத்தாழ 2,400 கிராமங்களுக்கு நிகழ்ச்சிகள் சென்றன. அதில் பலரும் மறந்துவிட்ட ஒரு பகுதி ஆசிரியர் பயிற்சி. பள்ளி விடுமுறைக் காலத்தில் ஏறத்தாழ 50 ஆயிரம் தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கு அறிவியல் கற்பிக்கப் பயிற்சி அளித்தார்கள். அவர்கள் வெறும் தொலைக்காட்சி பார்த்துவிட்டுக் கலையவில்லை. கையேடு இருந்தது, வானொலி இருந்தது, எளிய பொருள்களைக் கொண்டு செய்து பார்க்கும் சோதனைகள் இருந்தன, கூடிப் பேசுதலும் இருந்தது. கருவி புதிது என்றாலும், கருவியை மட்டும் நம்பாத திட்டம் அது.

1984-இல் ‘கிளாஸ்’ என்ற பெயரில் பள்ளிகளுக்குக் கணினி தரும் திட்டம் வந்தது. பிரிட்டனின் பி.பி.சி. மைக்ரோ கணினிகள் முதலில் 250 பள்ளிகளுக்குச் சென்றன. மென்பொருள்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருந்தன. ஆசிரியர் பயிற்சியோ குறுகிய காலத்தது. எதிர்பார்த்த பயன் விளையவில்லை.

நம் தமிழ்நாட்டில் 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. அப்போது ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார் அவர்கள் ஆசிரியர்களை ஆந்திர மாநிலத்தின் ரிஷிவேலிக்கு அனுப்பினார். அங்கே உண்மையான வகுப்பில் உண்மையான குழந்தைகள் அட்டைகளை எடுத்துப் படிப்பதை அவர்கள் கண்ணால் கண்டார்கள். திரும்பி வந்து நம் பாடத்திற்கேற்ற அட்டைகளைத் தாங்களே உருவாக்கினார்கள். அட்டை என்பது மின்சாரம் வேண்டாத தொழில்நுட்பம், அவ்வளவே. பார்த்தல், செய்தல், தமக்கேற்பத் திருத்துதல் என்ற அந்த வரிசை எக்கருவிக்கும் பொருந்தும்.

கடல் கடந்தும் ஒரு சான்று உண்டு. தென் அமெரிக்காவின் பெரு நாட்டில் குழந்தைக்கு ஒரு மடிக்கணினி என்று பெருமளவில் வழங்கினார்கள். ஊர்ப்புறப் பள்ளிகள் 319-இல் நடந்த ஆய்வு 2012-இல் வெளிவந்தது. கணினிகள் பெருகியிருந்தன, கணிதத்திலும் மொழிப்பாடத்திலும் மாணவர் முன்னேறியதற்குச் சான்று கிடைக்கவில்லை.

மறுபுறம், அண்டை மாநிலமான கேரளத்தைப் பாருங்கள். 2001-இல் அங்கே தொடங்கிய ‘ஐ.டி. அட் ஸ்கூல்’ திட்டம் பின்னர் ‘கைட்’ என்ற நிறுவனமாக வளர்ந்தது. 2018 முதல் ஏறத்தாழ 45 ஆயிரம் வகுப்பறைகளுக்குக் கருவிகள் வந்தன. ஆனால் அதற்கு முன்பே, பள்ளி ஆசிரியர்களிலிருந்தே தேர்ந்தெடுத்த முதன்மைப் பயிற்றுநர்களை அவர்கள் ஆண்டுக்கணக்கில் உருவாக்கி வைத்திருந்தார்கள்.

இன்று நம் மாநிலத்திலும் பெரிய வாய்ப்பு வந்துள்ளது. 22,931 திறன்மிகு வகுப்பறைகள் ஏறத்தாழ 455 கோடி ரூபாயில் அமைக்கும் பணியும், ஏறத்தாழ 80 ஆயிரம் தொடக்கக் கல்வி ஆசிரியர்களுக்குக் கைக்கணினி வழங்கும் பணியும் 2024-இல் தொடங்கின. கணக்கிட்டால் ஒரு வகுப்பறைக்கு ஏறத்தாழ 2 லட்சம் ரூபாய் ஆகிறது. ஏழை மக்களின் குழந்தைகளுக்காகச் செலவிடும் இப்பணத்தை நான் மனமார வரவேற்கிறேன். அது வீணாகக் கூடாது என்பதற்காகவே இவ்வளவும் சொல்கிறேன்.

எப்படித் திட்டமிடுவது?

என் சிற்றறிவுக்கு எட்டிய சில யோசனைகளை முன்வைக்கிறேன்.

முதலாவது, பயிற்சிக்கு முன் ஆசிரியரைக் கேட்க வேண்டும். எந்தப் பாடம் குழந்தைகளுக்கு விளங்கவில்லை? உங்கள் பள்ளியில் எந்தக் கருவி இயங்குகிறது? உங்களுக்கு எது தெரியும், எது தெரியாது? கணினியைத் தொடவே தயங்குகிறவரையும், தாமே காணொளி தயாரிக்கிறவரையும் ஒரே மண்டபத்தில் உட்கார வைத்தால் இருவருக்கும் அந்நாள் வீண்.

இரண்டாவது, பயிற்சி பொத்தானிலிருந்து தொடங்காமல் பாடத்திலிருந்து தொடங்க வேண்டும். பின்னம், ஒளிவிலகல், இதயம் என்று ஒரு பாடத்தை எடுத்துக்கொண்டு, அதற்குக் கருவி தேவையா என்று முதலில் கேட்க வேண்டும். ஒரு தண்ணீர்க் குவளையும் பென்சிலும் போதுமான இடத்தில் திரை எதற்கு? கண்ணுக்குத் தெரியாத இதயத்தின் இயக்கத்திற்கோ திரை பேருதவி. தேவை என்று தெரிந்தபின், எங்கே நிறுத்துவது, என்ன கேட்பது, நம் ஊர் எடுத்துக்காட்டு எது என்று ஆசிரியர்கள் கூடி எழுதி, சக ஆசிரியர்கள் முன் நடத்திப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, பயிற்றுநர் அருகில் உள்ளவராக இருக்க வேண்டும். நம் கிராமத்துப் பள்ளியின் மின்வெட்டையும், ஒரே அறையில் இரண்டு வகுப்பு அமர்ந்திருப்பதையும் அறிந்தவர் சொன்னால்தான் நம்பிக்கை பிறக்கும். இதற்குப் புதிய அமைப்பு தேவையில்லை. ஒட்டன்சத்திரத்தில் மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம் இருக்கிறது; ஒன்றியந்தோறும் வட்டார வள மையம் இருக்கிறது; அதன்கீழ் குறுவள மையங்கள் இருக்கின்றன. சிலுக்குவார்பட்டியில் சிறப்பாகச் செய்கிற ஓர் ஆசிரியர், விளாம்பட்டி ஆசிரியருக்குத் தம் வகுப்பையே திறந்து காட்டினால் அதைவிடச் சிறந்த பயிற்சி வேறு உண்டோ?

நான்காவது, பயிற்சி ஒரு நாளில் முடியக்கூடாது. கற்ற ஒன்றை வகுப்பில் செய்து பார்த்து, பதினைந்து நாள் கழித்துக் கூடி, எது நடந்தது, எது நடக்கவில்லை என்று பேச வேண்டும். பயிற்றுநர் ஒரு பாடவேளை வகுப்பில் வந்து அமர வேண்டும். குறை எழுதும் அதிகாரியாக அன்று, திண்ணைக்கு வந்த பக்கத்து வீட்டு அக்காவைப் போல. 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை ஆண்டுக்குக் குறைந்தது 50 மணி நேரப் பயிற்சி என்று கூறுகிறது. அக்கொள்கையைப் பற்றி மாறுபட்ட கருத்துகள் பல உண்டு. எனினும் மணிக்கணக்கை மட்டும் எண்ணினால், கையெழுத்துப் போட்டுத் தேநீர் குடித்த நேரமும் அதில் சேர்ந்துவிடும் என்பதை எல்லோரும் ஒப்புக்கொள்வர்.

ஐந்தாவது, ஆசிரியருக்கு நேரம் வேண்டும். கைக்கணினியில் அவர் முதலில் செய்கிற வேலையே வருகைப்பதிவும் புள்ளிவிவரமும் என்றால், அக்கருவி அவருக்கு இன்னொரு பதிவேடாகத்தான் தோன்றும். எழுத்து வேலையைக் குறைத்து, வாரத்தில் ஒரு பாடவேளையாவது புதிய பாடம் தயாரிக்க ஒதுக்க வேண்டும். இணையம் இல்லாத நாளிலும் நடத்த, காணொளிகளை முன்னரே பதிவிறக்கி வைக்கும் பழக்கமும், பழுதானால் யாரை அழைப்பது என்ற விவரமும் பயிற்சியின் பகுதியாக வேண்டும்.

இறுதியாக, பயிற்சியின் வெற்றியைச் சான்றிதழ் எண்ணிக்கையால் அளக்கக்கூடாது. என் தம்பி பீட்சாவைச் சொல்கிறானா, பின்னத்தைச் சொல்கிறானா என்பதே அளவுகோல்.

சில மறுப்புகள்

“வயது முதிர்ந்த ஆசிரியர்களுக்கு இதெல்லாம் வராது” என்பர் சிலர். இதய வீடியோவை நிறுத்திக் கேள்வி கேட்ட எங்கள் ஆசிரியை ஓய்வு பெறும் வயதை நெருங்கியவர். அவருக்குத் தெரியாதது கம்பியை எங்கே செருகுவது என்பது மட்டுமே. அதை நாங்களே சொல்லிக் கொடுத்தோம். பாடம் தெரிந்த மூத்தவரையும் கருவி தெரிந்த இளையவரையும் இணையாக அமர வைத்தால் இருவருமே கற்பர்.

“இளைய தலைமுறைக்குப் பயிற்சியே தேவையில்லை, பிறக்கும்போதே கைபேசியோடு பிறந்தவர்கள்” என்பர் வேறு சிலர். தோழியரே, நம்மைப் பற்றித்தான் சொல்கிறார்கள்! உண்மையைச் சொல்வோம். ரீல்ஸ் பார்க்கத் தெரிவது வேறு. நாற்பது குழந்தைகளுக்கு ஒரு காணொளியைக் கொண்டு பாடம் நடத்துவது வேறு. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதது போலவே திரைச் சுரைக்காயும் உதவாது. 2015 முதல் ஈராண்டுப் படிப்பாகிவிட்ட பி.எட்.-இல் தகவல் தொழில்நுட்பம் ஒரு பகுதியாக இருக்கிறது. அது செய்முறைக் குறிப்பேட்டை அழகாக ஒட்டிச் சமர்ப்பிப்பதோடு நின்றுவிடாமல், கற்பித்தல் பயிற்சிக்குச் செல்லும் பள்ளியில் உண்மையாக நடத்திக் காட்டுவதாக அமைய வேண்டும்.

“செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது, இனி ஆசிரியரே எதற்கு?” என்ற பேச்சும் எழுந்துள்ளது. கேட்டதற்கெல்லாம் அது விடை தருகிறது; தவறான விடையையும் அதே தெளிவோடு தருகிறது. பிழையைக் கண்டுபிடிக்க அறிந்தவர் ஒருவர் அருகில் வேண்டும். எங்கள் தெருவில் பல வீடுகளில் அப்படி அறிந்தவர் என்று யாரும் இல்லை. குழந்தைக்குப் பள்ளி ஆசிரியர் ஒருவரே துணை. யுனெஸ்கோ 2023-இல் வெளியிட்ட உலகக் கல்விக் கண்காணிப்பு அறிக்கையும், தொழில்நுட்பம் ஆசிரியருக்குத் துணையாகலாமேயன்றி மாற்றாகக் கூடாது என்றே வற்புறுத்துகிறது.

முடிவுரை

வசதியுள்ள வீட்டுக் குழந்தைக்குப் பள்ளியில் விட்டதை வீட்டில் பிடிக்கலாம். அப்பா சொல்லித் தருவார், தனிப்பயிற்சி இருக்கும். முதல் தலைமுறையாகப் படிக்க வந்த குழந்தைக்கு வகுப்பறையில் விட்டது விட்டதுதான். என் தோழியின் கதை அதற்குச் சாட்சி. ஆகவே ஆசிரியர் பயிற்சி என்பது அலுவலகக் கோப்புக்குள் முடிகிற செய்தியன்று. எங்களைப் போன்ற வீடுகளின் எதிர்காலம் அதில் அடங்கியிருக்கிறது.

இன்னும் சில ஆண்டுகளில் நானும் ஒரு வகுப்பறையில் சாக்பீசுடன் நிற்பேன் என்று நம்புகிறேன். சுவரில் திறன்மிகு பலகையும் இருக்கும். அன்று என்னைப் பயிற்சிக்கு அழைக்கிறவர்கள் நூறு பேர் மண்டபத்தின் கடைசி வரிசைக்கு அழைக்காமல், பக்கத்துப் பள்ளியின் வகுப்பறைக்கு அழைக்கட்டும். பாடம் முடிந்ததும் “பார்த்தீர்களா?” என்று நான் கேட்க மாட்டேன். “எங்கே, நீ ஒரு கணக்குப் போடு பார்க்கலாம்” என்பேன். தலையாட்டுகிற பிள்ளைகளுக்கு நடுவே தலைகுனிந்திருக்கும் ஒருத்தியை அன்று நான் தவறாமல் கண்டுபிடிக்க வேண்டும். அதற்கான பயிற்சியைத்தான் கேட்கிறேன்.